ஏழு வினாடி

மருத்துவர் சொன்னார்: உட்கார், எழு.
உட்கார்ந்தேன், எழுந்தேன்.
பச்சை எது, சிவப்பு எது?
சொன்னேன்.
நூற்றைம்பது தைவான் டாலருக்கு
நான் முழு மனுஷி என்று முத்திரை குத்தினார்.

எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில்.
அந்த ஆங்கிலமும் என்னைப் போல
ஒப்பந்தத்தில் வந்து இறங்கியதுதான்.
வினைச்சொல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வாக்கியத்தின் வாசலிலேயே நின்றது.
ஒருவரையொருவர் புரிந்துகொண்டோம்.
தொண்ணூற்றிரண்டரை மதிப்பெண்.

பெயர்க் கட்டம்
மூன்றெழுத்துக்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது.
ரொவேனா மகாராயெக்
கட்டத்தைத் தாண்டிப் போய்
பிறந்த தேதிக்குள் விழுந்தாள்.
கவுன்ட்டர் பெண் பெருமூச்சு விட்டு,
சின்ன எழுத்தில், பொறுமையாக,
என்னை மடித்து உள்ளே வைத்தாள்.

மிச்சம் அந்தக் கோடு.

பதினைந்து மீட்டர்.
ஏழு வினாடிக்குக் குறையாமல் கடக்க வேண்டும்.
கால் தரையில் படக் கூடாது.
பட்டால் மணி அடிக்கும்.

எனக்கோ வேகம்தான் பழக்கம்.
ஜுநான் தொழிற்சாலையில்
ஒரு தட்டுக்குப் பதினோரு வினாடி.
பன்னிரண்டானால் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு,
லைன் லீடரின் செருப்புச் சத்தம்.
மூன்று வருஷத்தில்
மெதுவாகப் போ என்று என்னிடம் சொன்ன
முதல் அரசாங்கம் இந்தக் கோடு.

காலூன்றத்தான் இங்கே வந்தேன்.
கால் ஊன்றினால் தோல்வி என்கிறார்கள்.

ஐந்தாவது வினாடியில் மணி அடித்தது.
ஒரு வாரம் கழித்து வா.

எனக்கு அடுத்த எண் அ-சியூ.
நெடுஞ்சாலை ஓரம் பாக்குக்கடை.
முப்பது வருஷமாக லைசென்ஸ் இல்லாமல்
கேஸ் சிலிண்டர், மகன், மகனின் நாய்,
ஒருமுறை ஒரு துணி அலமாரி
எல்லாம் ஏற்றிப் போனவள்.
போன மாதம்தான் மாட்டிக்கொண்டாள்.
அவளுக்கு மூன்றாவது வினாடியிலேயே மணி.
"இவ்வளவு மெதுவாகப் பிணம்கூடப் போகாது"
என்றாள், தேர்வாளருக்குக் கேட்கும்படி.
பிறகு ஹெல்மெட்டை மாட்டி,
தோற்ற அதே வண்டியில், அவர் கண்ணெதிரே
வீட்டுக்குக் கிளம்பினாள்.
அவர் ஆகாயத்தில் எதையோ தேடினார்.
பின்சீட்டில் நானும் இருந்தேன்.

ஷிஃப்ட் முடிந்த இரவுகளில்
அவள் கடை முன்னால்
சாக்கடை மூடிகளின் வரிசைமேல்
மாறி மாறி ஓட்டினோம்.
இடையில் கொஞ்சம் சந்தை மாண்டரின்,
மற்றபடி எண்கள்.
ஈ, அர், சான் என்று எண்ணுவாள்,
நாலைச் சொல்ல மாட்டாள்,
இந்த ஊரில் அது சாவின் ஒலி.
மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவிவிடுவாள்.
எங்கள் ஏழு எப்போதும் ஆறாகவே இருந்ததை
கண்டுபிடிக்கவே மூன்று இரவு ஆனது.

மறுபடியும் கோடு.
பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் விரல்.
கண் சக்கரத்தில் இல்லை,
தூரத்துத் தண்ணீர்த் தொட்டியில்.
இசா. ஒன்பது மணிக்கே பஸ் நின்றுவிடும் ஊர்.
தலவா. ஏஜென்ட்டுக்கு மாதம் ஆயிரத்தைந்நூறு.
தத்லோ. விடுதிக் கதவு.
அபாத். நாலு. என் பாஷையில் அது வெறும் நாலுதான்.
ஐந்து.
ஆறில் ஒன்றுமே இல்லை,
கழுத்தில் கொஞ்சம் காற்று.
ஏழு.

அ-சியூ அன்றும் தோற்றாள்.
தோற்றுவிட்டு வந்து எனக்குக் கை தட்டினாள்.
அட்டை இயந்திரத்திலிருந்து
சூடாக வந்தது, ரொட்டி போல.

இங்கே பெரிய சந்திப்பில்
ஸ்கூட்டர் நேரடியாக இடது பக்கம் திரும்பக் கூடாது.
நேரே கடந்து, வெள்ளைக் கட்டத்துக்குள் நின்று,
அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டும்.
கட்டம் நிறைய ஆட்கள்:
மீன் பையோடு ஒருவர்,
பையனை முன்னால் நிறுத்திய ஒருத்தி,
யாருடைய மழைக்கோட்டிலிருந்தோ
எட்டிப் பார்க்கும் நாய்.
நடுவில் நான்.
கால் ஊன்றினேன்.

எங்கும் மணி அடிக்கவில்லை.

பச்சை விழுந்ததே தெரியவில்லை.
பின்னாலிருந்து ஒரு ஹாரன்,
லைசென்ஸ் இல்லாத ஹாரன்,
எனக்குத் தெரியும் அதை.